97-ஆம் பக்கத்தில் கொலைகாரன்

"இன்னா டெக்னிக்குயா அது!" என்று ஆரம்பித்தார் ரயில்வே சார். போன மாசி மாதம், எங்கள் பைண்டிங் கடையின் மொட்டைமாடியில் வாசகர் கூட்டம். "கதை பாதி போய்க்கினு இருக்கும்போதே கொலைகாரன் யாருன்னு சொல்லிடறான். சொல்லிட்டு 'முற்றும்'னு வேற போடறான். பக்கத்தைத் திருப்பினா துப்பறியறவன் மறுபடியும் கைரேகை எடுத்துக்கினு கீறான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்தத் தவிப்பு கடைசி வரைக்கும் விடல. கடைசியில முடிவே சொல்லாம அப்படியே தொங்கவிட்டுட்டான். அந்தக் காலத்துலயே தமிழ்ல இப்படி எழுதியிருக்கான்யா!"

டீச்சரம்மா நோட்டில் குறிப்பே எடுத்துக்கொண்டார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் மடியிலிருந்த புத்தகத்தை வாங்கினேன். முதுகை லேசாக விரித்துத் தையலைப் பார்த்தேன். நான் தைத்ததுதான். ஃபாரங்களை விரலால் எண்ணினேன். ஆறு வரை சரி. ஏழாவது இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டாவது உட்கார்ந்திருந்தது.

பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் கிடைக்கும் 16 பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர். அந்தப் புத்தகம் 192 பக்கம், 12 ஃபாரம். பழைய தையல் விட்டுப்போய் என்னிடம் வந்தது. பிரித்து, கிழிந்த மடிப்புக்கு மெல்லிய தாள் ஒட்டி, திரும்பத் தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் ஒரு சின்ன எண் இருக்கும், பைண்டருக்காக. இந்தப் புத்தகத்தை எனக்கு முன்பே யாரோ ஒருவர் தாராளமாக வெட்டியதில் அந்த எண்ணும் போய்விட்டது, அடியிலிருந்த பக்க எண்ணும் போய்விட்டது. நான் வாசித்துச் சரிபார்த்திருக்க வேண்டும். அன்றைக்குக் கரண்ட் வேறு இல்லை. ஆக, 96-ஆம் பக்கம் முடிந்ததும் கடைசி ஃபாரம் வந்துவிட்டது. கொலைகாரன் 97-ஆம் பக்கத்தில் பிடிபட்டான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் பாய் சிரிக்க ஆரம்பித்தார், மாடியே அதிர்ந்தது. ரயில்வே சார் மட்டும் புத்தகத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அன்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். முடிவு தெரிந்த பிறகும் ஒரு கதை நன்றாக இருக்குமா? சரித்திர நாவலில் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதை மட்டும் எப்படி விழுந்து விழுந்து படிக்கிறோம்?

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலூர் காகிதப்பட்டறையில் அப்பா காலத்திலிருந்து பைண்டிங் கடை. ஏரியா பெயரைக் கேட்டதும் "பொருத்தமான இடம்தான்" என்று எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்குச் சோறு போடுவது லெட்ஜரும் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டும். கதைப் புத்தகம் மாதத்துக்கு நாலைந்து வந்தால் அதிகம். அப்பா காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். அவற்றைத் தைத்துக்கொண்டே படித்துத்தான் எனக்கு வாசிப்புப் பழக்கம் வந்தது. ஒரு வாரத்துப் பக்கம் காணாமல் போயிருக்கும். அந்த வாரம் என்ன நடந்திருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். நல்ல பயிற்சி.

புத்தகத்துக்காகக் காத்திருந்த நேரத்தில் பேச ஆரம்பித்த ஆறேழு பேர்தான் இன்றைய கூட்டம். காட்பாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரயில்வே சார், சாயிநாதபுரத்திலிருந்து வரும் சரித்திர டீச்சரம்மா, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நர்ஸ் அக்கா, லாங் பஜாரில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் பாய், ராணிப்பேட்டையிலிருந்து ஒரு இன்ஜினீயரிங் தம்பி, அப்புறம் நான். மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை ஐந்தரை. சித்திரை, வைகாசியில் ஆறரைக்கு முன்னால் மாடியில் கால் வைக்க முடியாது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாய் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்தால் அந்த மாதம் யாரும் லீவு போடுவதில்லை.

ஆரம்பத்தில் கூட்டம் உப்புச்சப்பில்லாமல் போனது. "நல்லாருந்துச்சு", "ஓகே", "செம மொக்கை". அதற்குமேல் யாருக்கும் பேச்சு வராது. ஒரு நாவலைப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. எதிராளியும் "எனக்குப் பிடிச்சுது" என்பார், அவ்வளவுதான்.

இதை மாற்றியது என் தொழிலில் கண்ட ஒரு விஷயம். பலர் படித்த பழைய நூலகப் புத்தகத்தை மூடிவைத்து முன் ஓரத்தைப் பாருங்கள். தாள்களின் விளிம்பில் கையழுக்கு ஒரு கோடாகப் படிந்திருக்கும். முதல் நூறு பக்கம் வரை பழுப்பு, அதற்குப் பிறகு பளிச்சென்று வெள்ளை என்றால், பாதிப்பேர் அங்கேயே மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். தேங்காயெண்ணெய் விரல், குழம்புத் துளி, மடித்த காது எல்லாம் எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்று பார்த்தால் போதும். விமர்சனத்தில் ஆள் பொய் சொல்லலாம், அழுக்கு சொல்லாது. (அந்த அழுக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு மாதிரி கொடுப்பதுதான் என் தொழில் என்பது வேறு விஷயம்.)

அதனால் கூட்டத்தில் ஒரே கேள்வி வைத்தேன்: "எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள்?" இதற்குப் பதில் சொல்ல எல்லோராலும் முடிந்தது. "மூணாவது அத்தியாயத்துல அரண்மனை வர்ணனை, தூங்கிட்டேன்." "கீழ வைக்கவே இல்ல, சாம்பார் அடிப்பிடிச்சுடுச்சு." இடம் தெரிந்துவிட்டால் காரணம் தானாக வருகிறது. அந்த ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வோம். படிக்கும்போதே ஏன் அங்கே நின்றோம் என்று படிக்கிறவருக்கே புரிந்துவிடும். நீங்கள் நாலு பேர் சேர்ந்து படிக்கிறவர்களாக இருந்தால் இதை முயன்று பாருங்கள்.

இனி நான் செய்த இன்னொரு தப்பு. ஃபாரம் மாறியதைவிட இதுதான் பெரிது. மூன்று வருஷம் இருக்கும். கோட்டைக்குப் பக்கத்தில் நர்ஸ் அக்காவைப் பார்த்தேன். கையில் நாங்கள் அந்த மாதத்துக்கு எடுத்திருந்த மர்ம நாவல். "எப்படி, அந்தத் தோட்டக்காரன் பண்ணது?" என்று கேட்டுவிட்டேன். படித்து முடித்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டது. அவர் முகம் மாறியது. இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோதுதான் சொன்னார்: "நைட் ட்யூட்டி முடிச்சு காலையில பஸ்ல ஒக்காந்து ரெண்டு பக்கம் படிக்கறண்ணா. என் பங்குக்கு ஒரு நாள்ல இருக்கறது அது ஒண்ணுதான். அத்தையும் புடுங்கிக்கினீங்களே."

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் தாங்கள் நிற்கும் அத்தியாய எண்ணைச் சொல்ல வேண்டும். யார் கடைசியில் இருக்கிறாரோ அந்த இடம் வரைக்கும்தான் பேச்சு. முடித்தவர்கள் முடிவைப் பேச வேண்டுமென்றால் கீழே கடைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். பக்க எண் சொன்னால் சரிப்படாது என்பதை அனுபவத்தில் கற்றோம். கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு ஆளாளுக்குப் பதிப்பித்திருக்கிறார்கள். எங்கள் ஆறு பேர் கையில் 'பொன்னியின் செல்வன்' நாலு பதிப்பு இருந்தது. ஒருவருடைய 210-ஆம் பக்கம் இன்னொருவருக்கு 168. பாகம், அத்தியாய எண், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அத்தியாயத் தலைப்பையும் சொல்லாதீர்கள், சில தலைப்புகளே காட்டிக்கொடுத்துவிடும். பின்னட்டைக் குறிப்பும் முன்னுரையும் அப்படித்தான். புத்தகத்தை நேசிக்கிறவர் எழுதிய முன்னுரைதான் ரொம்ப ஆபத்து, ஆர்வத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். நாங்கள் முன்னுரையைக் கடைசியில்தான் படிக்கிறோம்.

பாதிக் கதை முடிந்ததும் ஒவ்வொருவரும் சந்தேகப்படும் ஆளின் பெயரைச் சீட்டில் எழுதி, பழைய பசை டப்பாவில் போடுவோம். டப்பாவில் மயில்துத்த நீலம் இன்னும் போகவில்லை. பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் துத்தம் கலப்பது வழக்கம். எல்லோரும் முடித்த பிறகு டப்பாவைத் திறப்போம். பெயரோடு எந்தத் தடயத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்றும் எழுத வேண்டும் என்று டீச்சரம்மா பின்னால் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அது நல்ல திருத்தம். அதுவரை குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டு ஒரு மாதம் முழுக்கப் பீற்றிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். ஆளைச் சொல்ல மாட்டேன், காட்பாடிக்காரர்.

சீட்டு எழுதுவதால் ஒரு லாபம். ஆசிரியர் நேர்மையாக ஆடினாரா என்பது தெரிந்துவிடும். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் இந்த வகைக் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதிவைத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட வேண்டும். துப்பறிகிறவருக்குக் கிடைத்த தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும். ரகசிய அறையோ சுரங்கவழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. இதைத் தம்பி வாசித்ததும் பாய் கேட்டார், "அப்ப நம்ம சரித்திர நாவலெல்லாம் அவுட்டா?" கேட்பது நியாயம்தான். 'பொன்னியின் செல்வ'னில் மட்டும் தஞ்சையில் பழுவூர் நிலவறை ஒன்று, கடம்பூர் மாளிகையில் வேட்டை மண்டபத்து ரகசிய வழி ஒன்று. பாதிரியார் கணக்கில் தேறாது. வேலூர்க்காரன் என்ற முறையில் எனக்கு அது உறுத்துவதில்லை. எங்கள் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் இருக்கிறது என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் ஆட்டோக்காரர் முதல் அர்ச்சகர் வரை யாரைக் கேட்டாலும் அவருடைய மாமா ஒருத்தர் பாதி தூரம் போய்த் திரும்பியிருப்பார்.

துப்பறியும் நாவலுக்கு நம்ம பக்கமும் ஒரு பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவி, தமிழ்ப் பெயர், தமிழ் ஊர் வைத்து எழுதித்தள்ளிய குப்புசாமி முதலியார் ஆரணிக்காரர். ஆரணி இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம். 1989-இல் வட ஆற்காட்டைப் பிரிக்கும்வரை எல்லாம் ஒன்றுதான். 2019-இல் எங்களையும் மூன்றாகப் பிரித்தாயிற்று, இப்போது தம்பி வெளி மாவட்டத்துக்காரன். அந்தக் காலத்துப் புத்தகம் ஒன்று பைண்டிங்குக்கு வந்தது. தாள் அப்பளம் மாதிரி, மடித்தால் நொறுங்குகிறது. கிழிசலுக்கு யாரோ செலோ டேப் ஒட்டியிருந்தார்கள். டேப் உதிர்ந்துவிட்டது, பசை மட்டும் தாளுக்குள் இறங்கி எழுத்தைப் பழுப்பாக்கிவிட்டது. தயவுசெய்து பழைய புத்தகத்துக்கு டேப் ஒட்டாதீர்கள். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும், நாளைக்கு ஈரம் வைத்தால் பிரித்தெடுக்கலாம். கதையைப் படித்துப் பார்த்தோம். இடையிடையே வரும் புத்திமதியைத் தாண்டுவது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. கதை ஓட்டம் மட்டும் இன்றைக்கும் இழுக்கிறது.

சரித்திர நாவலுக்கு வருகிறேன். இங்கே எங்கள் கூட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஆளுக்கொரு தராசைத் தூக்கிக்கொண்டார்கள். பிற்காலச் சோழர் நாவல் ஒன்றில் அரண்மனைச் சமையலறையில் வரமிளகாய் தாளிக்கிற வாசனை வந்தது. பாய் புத்தகத்தை மூடிவிட்டார். "சோழன் காலத்துல ஏதுங்க மிளகாய் மண்டி? போர்த்துகீசியர் கொண்டாந்த சரக்காச்சே. அவங்க மிளகு போட்டுத்தான் துன்னுருப்பாங்க." அவர் சொல்வது சரி. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சோழர் ஆட்சி முடிந்து இருநூறு வருஷத்துக்குப் பிறகுதான் இந்த நாட்டுக்கு வந்தன. அன்றிலிருந்து எந்த நாவலை எடுத்தாலும் முதலில் 'மிளகாய் சோதனை'.

நர்ஸ் அக்காவுக்கு விஷம். கோப்பையைக் குடித்ததும் வாயில் நுரை தள்ளி, ரகசியத்தில் பாதியை மட்டும் சொல்லிவிட்டுச் சாகிற ஆட்களை அவர் மன்னிப்பதே இல்லை. "அர்சனிக்குன்னு எழுதியிருக்கான். மணிக்கணக்கா வாந்தி, வயித்தால போய், உடம்புல தண்ணி வத்திப்போய்த்தான் ஆளு போவாரு. மீதி ரகசியத்தையும் சொல்ல நெறைய நேரம் இருக்கு." ரயில்வே சாருக்குத் தூரமும் நேரமும். 1806 வேலூர்ப் புரட்சியை வைத்து எழுதிய ஒரு நாவலில், அதை ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி சென்னையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரையில் வந்து இறங்குகிறார். சார் பென்சிலை எடுத்துவிட்டார். புரட்சி வெடித்தது ஜூலை 10 விடியற்காலை. கில்லெஸ்பி அன்று காலையிலேயே கோட்டை வாசலில் நிற்கிறார் என்றால் அவர் ஆற்காட்டிலிருந்துதான் வந்திருக்க முடியும், வந்ததும் அங்கிருந்துதான். சுமார் 25 கிலோமீட்டர். ஆற்காட்டில் குதிரைப்படை இருந்ததால்தான் கதையே அப்படித் திரும்பியது. அதை மாற்றினால் புரட்சி ஏன் ஒரே நாளில் ஒடுங்கியது என்பதற்குப் பதில் இல்லாமல் போய்விடும்.

அந்த நாவலில் எனக்கு வேறு குறை. புதுத் தலைப்பாகை, அதில் தோல் பட்டை, நெற்றியில் சின்னம் கூடாது, தாடி கூடாது என்று சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவுகள் எல்லாம் சரியாக வந்திருந்தன. ஆனால் திப்பு சுல்தானின் மகள் ஒருவரின் கல்யாணம் 9-ஆம் தேதி அதே கோட்டைக்குள் நடந்தது என்பதை ஆசிரியர் ஒரே வரியில் கடந்துவிட்டார். கல்யாண வீடு! உள்ளே சாப்பாட்டுப் பந்தி, வெளியே விடிந்தால் துப்பாக்கி. மர்ம நாவல்காரன் கையில் கிடைத்திருந்தால் அந்த ஒரு ராத்திரியை நூறு பக்கத்துக்கு இழுத்திருப்பான். அகழி ஓரம் நடக்கும்போதெல்லாம் அந்த எழுதாத நூறு பக்கத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தப்புப் பிடிக்கும் வேலை ஒரு கட்டத்தில் வியாதியாகிவிட்டது. ஒரு மாதம் முழுக்க மிளகாயும் மைல் கணக்குமே ஓடியது, கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சரம்மாதான் அதட்டினார். "தப்பைக் கண்டுபிடிச்சதும் அதனால கதை ஒடைஞ்சுதா இல்லையான்னு சேர்த்துச் சொல்லுங்க. ஒடையலன்னா அடுத்த பேச்சுக்குப் போங்க." மிளகாயால் கதை உடையவில்லை. கில்லெஸ்பி சென்னையிலிருந்து வந்ததால் உடைந்தது. இந்தப் பாகுபாடு எங்களுக்குப் பிடிபட ஆறு மாதம் ஆனது.

தம்பி 'பொன்னியின் செல்வ'னை எடுத்தது 2022-இல் படம் வந்த பிறகு. யார் யாருக்குச் சித்தப்பா என்று புரியாமல் முதல் பாகத்திலேயே தவித்தான். அவனுக்காக மில்போர்டு அட்டையில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, டீச்சரம்மா சொல்லச்சொல்ல எழுதிக் கொடுத்தேன். முதல் பராந்தகரின் பிள்ளைகளில் மூவர்: ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். கண்டராதித்தரின் மகன் உத்தம சோழர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். அவருடைய பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்). படித்த பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொள்ளவும் ஆயிற்று, தடுமாறினால் பார்த்துக்கொள்ளவும் ஆயிற்று. இப்போது எந்தப் பெரிய நாவல் எடுத்தாலும் ஆளுக்கொரு அட்டை போட்டுவிடுகிறேன். வெட்டிய கழிவுதான், காசு இல்லை.

அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டீச்சரம்மா, "இதில் ரெண்டு பேர் நம்ம பக்கத்துலதான் இருக்காங்க" என்றார். ராஜாதித்தர் 949-இல் அரக்கோணத்துக்குப் பக்கம் தக்கோலத்தில் நடந்த போரில் யானைமேல் இருந்தபடியே இறந்தவர். 'யானைமேல் துஞ்சின தேவர்' என்று அவருக்குப் பெயர். அவர் தம்பி அரிஞ்சயருக்கு, பேரன் ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் (சமாதிக் கோயில்) பொன்னையாற்றங்கரையில் மேல்பாடியில் இருக்கிறது. போதாததற்கு வந்தியத்தேவனின் வாணர் குலத்து ஊர் என்று நாவல் சொல்வது நம் திருவல்லத்தை. ஒரு ஞாயிறு கிளம்பிவிட்டோம். காட்பாடியிலிருந்து திருவல்லத்துக்கு ரயிலிலேயே போகலாம் என்பதில் ரயில்வே சாருக்குத் தனிப் பெருமை.

திருவல்லம் வில்வநாதேஸ்வரர் கோயிலில் நந்தி சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி இருக்கும். தம்பிக்கு நந்தியில் அக்கறை இல்லை, வந்தியத்தேவன் பெயரைச் சுவரில் தேடினான். சுவரெல்லாம் எழுத்து, ஒன்றும் படிக்க முடியவில்லை. அங்கேயிருப்பவை வாணர்கள், சோழர்கள் காலத்துக் கல்வெட்டுகள். விளக்குக்கு இவ்வளவு பொன், நெய்க்கு இவ்வளவு ஆடு, நிலத்துக்கு இன்ன எல்லை என்ற கணக்குதான் அதிகம். குதிரை மேல் வரும் வீரன் அதில் கிடைக்க மாட்டான். வந்தியத்தேவன் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது, அதுவும் குந்தவையின் கணவர் என்ற முறையில். "ஹீரோவுக்கு அவ்ளோதானா சார்?" என்றான் தம்பி பரிதாபமாக.

மேல்பாடியில்தான் அவன் முகம் தெளிந்தது. சின்னக் கற்கோயில், பெரிய கூட்டம் கிடையாது. டீச்சரம்மா 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' மூன்றாம் தொகுதியிலிருந்து அந்தக் கோயில் கல்வெட்டு வாசகத்தை, அதாவது பாடத்தை, முன்கூட்டியே நகலெடுத்து வந்திருந்தார். இது ரொம்ப முக்கியம். நேராகப் போய்ச் சுவரைப் பார்த்தால் தலையும் வாலும் புரியாது, பாடம் கையில் இருந்தால் எழுத்தைப் பொருத்திக்கொண்டே போகலாம். தம்பி போன் டார்ச்சைக் கல்லுக்கு நேராக அடித்தான், எல்லாம் வெளிறிப்போனது. பிறகு சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தான். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்துகள் வரிசையாக எழுந்து நின்றன. புள்ளியே கிடையாது, எகரமும் ஏகாரமும் ஒரே கொம்புதான். கால் மணி நேரம் தடவித் தடவி, 'ஆற்றூர்த் துஞ்சின' என்ற இடத்தைப் பிடித்தோம். ஆற்றூரில் இறந்த தேவர், அதாவது அரிஞ்சயர். தம்பி தன் அட்டையை எடுத்து, அதில் நான் எழுதியிருந்த 'அரிஞ்சயர்' என்ற பெயருக்கு அடியில் நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொண்டான். நாவலில் வெறும் பரம்பரைப் பட்டியலில் வந்து போகிற பெயர் அது.

திரும்பி வரும்போது ரயிலில்தான் சண்டை. டீச்சரம்மா பேச்சுவாக்கில் காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் இன்னார் என்று பெயர் போட்டு, அவர்களுடையதும் உறவினர்களுடையதுமான நிலத்தைப் பறித்து விற்ற கணக்கு அதில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. பெயரைச் சொல்ல வாயெடுத்ததும் தம்பி காதைப் பொத்திக்கொண்டான். அவன் அப்போது மூன்றாம் பாகம். "டீச்சர், வேணாம், ப்ளீஸ்!"

"இது ஆயிரம் வருஷத்துச் செய்தி தம்பி. இதெல்லாம் ரகசியமா?"

"எனக்கு இன்னும் நடக்கலையே டீச்சர்."

நர்ஸ் அக்கா உடனே தம்பி பக்கம். பாய் டீச்சர் பக்கம். சேவூர் தாண்டியும் முடியவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. கல்கி 1950 முதல் 1954 வரை அதை வாராவாரம் எழுதியபோதும் கல்வெட்டில் அந்தப் பெயர்கள் இருந்தன. தெரிந்தவர்களும் வாராவாரம் காத்திருந்து படித்தார்கள். கல்வெட்டு ஆளைச் சொல்கிறது, அந்த ராத்திரியைச் சொல்லவில்லை. கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்த பிறகு என்ன நடந்தது என்று நாவலை இரண்டு முறை முடித்த பாயும் டீச்சரம்மாவும் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. பெயர் தெரிந்தும் தீராத மர்மம் அது. என்றாலும் தம்பிக்கு அதை எப்போது தெரிந்துகொள்வது என்று முடிவு பண்ணுவது தம்பிதான், நாம் இல்லை. கல்வெட்டிலிருக்கும் பெயர்களை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். இதைப் படிக்கிற நீங்களும் மூன்றாம் பாகத்தில் இருக்கலாம்.

தம்பி ஐந்தாம் பாகத்தை முடித்த அன்று டீச்சரம்மாவுக்குப் போன் செய்து, "இப்ப சொல்லுங்க டீச்சர்" என்றானாம். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

ரயில்வே சாரின் 192 பக்கப் புத்தகத்தைப் பிரித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பிடிகொடுக்கவில்லை. போன வாரம் கடைக்கு அவரே எடுத்துக்கொண்டு வந்தார். மூலை நசுங்கி, மேல் துணி பிசிறடித்திருந்தது. முன் ஓரத்தைப் பார்த்தேன், அழுக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சீராகப் படிந்திருந்தது. எத்தனை பேருக்குக் கொடுத்துப் படிக்க வைத்தாரோ. புத்தகத்தை மேஜையில் வைத்தவர், நான் ஊசியைத் தேடுவதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டித் தடுத்தார்.

"மேல் அட்டைய மட்டும் மாத்துப்பா. உள்ள கை வைக்காத."